கால் இன்ச்சும் கூட்டுத் தையலும்: குவில்ட்டிங் கேள்வி – பதில்

இந்த முறை வாசகர் பகுதி முழுவதும் குவில்ட்டிங்குக்கு. தனியாகத் தைப்பவர்கள், தோழிகளோடு சேர்ந்து தைக்க நினைப்பவர்கள் என இரு தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. பல காலமாகத் தைத்தும் கற்றுக்கொடுத்தும் வருபவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: மெஷினில் நேர்த்தையல் போடத் தெரியும். முதல் குவில்ட்டுக்கு என்ன அளவு எடுப்பது, எவ்வளவு துணி வாங்குவது?

பதில்: நேர்த்தையல் போதும். குவில்ட் என்பது மூன்று அடுக்கு: துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிப் போகும் தையலுக்குத்தான் குவில்ட்டிங் என்று பெயர். நடு அடுக்கு கடைகளில் ‘பேட்டிங்’ அல்லது ‘வாடிங்’ என்று கிடைக்கும்.

முதல் குவில்ட்டைக் கட்டில் அளவுக்கு ஆரம்பிக்காதீர்கள். பாதியில் நின்றுபோகும் குவில்ட்டுகளில் பெரும்பாலானவை அளவு மீறித் தொடங்கியவைதான். 36 இன்ச் சதுரம் நல்ல அளவு. 5 இன்ச் சதுரமாக 64 துண்டுகள் வெட்டி, எட்டுக்கு எட்டாக அடுக்குங்கள். தைத்த பின் ஒவ்வொன்றும் நாலரை இன்ச். எட்டு சேர்ந்தால் 36.

இரண்டு நிறம் போதும், நிறத்துக்கு 32 துண்டு. 42 இன்ச் அகலமுள்ள பருத்தித் துணியில் 5 இன்ச் பட்டை ஒன்றுக்கு எட்டுச் சதுரம் கிடைக்கும். 32-க்கு நாலு பட்டை, அதாவது 20 இன்ச். அரை மீட்டர் என்பது 19.7 இன்ச்தான்! கடைசிப் பட்டை விரல் நுனியளவு குறைந்துபோகும். அதனால் நிறத்துக்கு 60 சென்டிமீட்டர் வாங்குங்கள். பஞ்சு விரிப்பும் அடித்துணியும் 40 இன்ச் சதுரம், அடித்துணிக்கு 1.1 மீட்டர் எடுத்தால் ஒட்டுப் போடாமல் கிடைத்துவிடும். குவில்ட்டின் ஓரத்தைச் சுற்றி மூடும் ஓரப்பட்டிக்கு இரண்டரை இன்ச்சில் ஐந்து பட்டை, 35 சென்டிமீட்டர் துணி. சுற்றளவை மட்டும் பார்த்தால் நாலு பட்டை போதும்போலத் தோன்றும். ஆனால் பட்டைகளைக் குறுக்காக ஒட்டும்போது ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டரை இன்ச் போய்விடும்.

நூல் 50-ஆம் நம்பர் பருத்தி, பாபினிலும் (அடிநூல் சுருள்) அதே. வெளிர் சாம்பல் நிறம் பெரும்பாலான துணிகளோடு கலந்துவிடும். துண்டுகளை இணைக்க 80/12 ஊசி, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க 90/14. தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர்.

கேள்வி: சதுரங்களைச் சரியாகத்தான் வெட்டுகிறேன். ஆனால் இணைத்த பிறகு மூலைகள் சேருவதே இல்லை. வரிசையும் அளவு குறைகிறது.

பதில்: வெட்டுவது சரியாக இருந்தால், கோளாறு தையல் விளிம்பில்தான். குவில்ட்டிங்கில் துணி ஓரத்திலிருந்து கால் இன்ச் தள்ளித் தைப்பதுதான் வழக்கமான கணக்கு. அதில் அரை நூல், அதாவது 1/16 இன்ச், கூடிப்போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு தையலில் இரண்டு துணியும் சேர்ந்து ஒரு நூல் விழுங்கும். எட்டுச் சதுர வரிசையில் ஏழு தையல். ஆக ஏழு நூல், கிட்டத்தட்ட ஒரு இன்ச் காணாமல் போகும். கண்ணுக்குத் தெரியாத பிசகுதான் வரிசை முடிவில் இப்படி வந்து நிற்கிறது.

இன்னொரு விஷயம்: ஸ்கேல் வைத்து மிகச் சரியாகக் கால் இன்ச் தைத்தாலும் அளவு கொஞ்சம் குறையும். துணியை மடித்து அயர்ன் செய்யும்போது அந்த மடிப்பு ஓரிரு இழை இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே கால் இன்ச்சுக்கு ஒரு இழை குறைவாகத் தைப்பதே சரி.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒன்றரை இன்ச் அகலத்தில், 4 இன்ச் நீளத்தில் மூன்று பட்டைகளை வெட்டுங்கள். பக்கம் பக்கமாக இணைத்து அயர்ன் செய்து அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 இன்ச், மொத்த அகலம் மூன்றரை இன்ச் இருக்க வேண்டும். நடுப்பட்டை குறைந்தால் தையல் உள்ளே தள்ளியிருக்கிறது. கூடினால் ஓரத்துக்குப் போயிருக்கிறது. சரியான இடம் கிடைத்ததும், ஊசியிலிருந்து அந்தத் தூரத்தில் மெஷின் தட்டின் மேல் நாலைந்து அடுக்கு டேப்பை ஒட்டிவிடுங்கள். துணி அந்தத் திட்டில் உரசிக்கொண்டே போகும். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் ஃபுட்டின் ஓரத்தை நம்ப வேண்டாம். எல்லா ஃபுட்டும் கால் இன்ச் அகலத்தில் வருவதில்லை.

மூலைகள் சேர, முதல் வரிசையின் தையல் விளிம்புகளை எல்லாம் வலப்பக்கம் மடித்து அயர்ன் செய்யுங்கள். இரண்டாம் வரிசையில் இடப்பக்கம். இரண்டு வரிசையையும் முகத்தோடு முகம் வைக்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றையொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும். விரல் நுனியால் தடவினாலே அந்த இடத்தில் மேடு இல்லாமல் சமமாக இருப்பது தெரியும். அங்கே குண்டூசி குத்தித் தையுங்கள்.

அயர்ன் பெட்டியை இழுக்காதீர்கள். வைத்து எடுத்து, வைத்து எடுத்து அழுத்த வேண்டும். இழுத்தால் துணி நீளும், அதுவும் கிராஸாக வெட்டிய முக்கோணங்கள் என்றால் உருவமே மாறிவிடும்.

கேள்வி: துணியை முன்பே துவைக்க வேண்டுமா? புது மொடமொடப்போடு வெட்டுவது சுலபமாக இருக்கிறதே.

பதில்: சுலபம்தான், மறுப்பதற்கில்லை. துவைத்த துணியை லேசாகக் கஞ்சி போட்டு அயர்ன் செய்தால் அந்த மொடமொடப்பு திரும்பிவிடும்.

துவைக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் சாயம். அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு, ஊதா இந்த நான்கையும் துவைக்காமல் வெள்ளைக்குப் பக்கத்தில் தைக்கவே கூடாது. துணியில் ஒரு சிறு துண்டு வெட்டிக் கண்ணாடி டம்ளரில் சூடான தண்ணீரும் துளி சோப்பும் விட்டு அரை மணி நேரம் போட்டு வையுங்கள். பிறகு ஈரத்தோடு வெள்ளைத் துணி மேல் வைத்துக் காய விடுங்கள். தண்ணீரில் நிறம் வந்தாலும் வெள்ளையில் ஒட்டவில்லை என்றால் பயமில்லை. ஒட்டினால் இன்னும் இரண்டு முறை அலசிச் சோதியுங்கள். அதற்கும் நிற்கவில்லையா, அந்தத் துணியை இந்தக் குவில்ட்டுக்கு எடுக்காதீர்கள்.

பருத்தி சுமார் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். பழைய குவில்ட்டில் தெரியும் அந்த மெல்லிய சுருக்கம் வேண்டும் என்பதற்காகவே சிலர் எதையும் துவைக்காமல் தைக்கிறார்கள். அது ரசனை, தவறில்லை. ஆனால் பாதித் துணியைத் துவைத்தும் பாதியைத் துவைக்காமலும் கலந்தால் முதல் சலவையில் துவைக்காத துண்டுகள் மட்டும் இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: அழகழகான பூத்துணிகளைச் சேர்த்துத் தைத்தேன். முடிந்த பிறகு டிசைனே தெரியவில்லை, எல்லாம் ஒரே கலவையாக இருக்கிறது.

பதில்: நிறம் வேறு, அடர்த்தி வேறு. பச்சையும் சிவப்பும் கண்ணுக்கு எதிர் நிறங்கள். ஆனால் இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால் நாலடி தள்ளி நின்று பார்க்கும்போது கலந்துவிடும். டிசைனை எடுத்துக்காட்டுவது வெளிர், நடுத்தரம், அடர் என்ற ஏற்ற இறக்கம்தான். தைப்பதற்கு முன் துண்டுகளைத் தரையில் பரப்பிச் செல்போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். எல்லாமே ஒரே சாம்பலாகத் தெரிந்தால், அதில் இரண்டு துணியை எடுத்துவிட்டு வெளிரான ஒன்றைச் சேர்க்க வேண்டும். பூவின் அளவையும் மாற்றுங்கள். பெரிய பூ ஒன்று, பொடிப்பூ ஒன்று, கிட்டத்தட்ட வெற்றுத்துணி ஒன்று என்று இருந்தால் கண்ணுக்கு இளைப்பாற இடம் கிடைக்கும்.

கேள்வி: மேல்பக்கம் நன்றாக வருகிறது. திருப்பிப் பார்த்தால் அடித்துணியில் கொசுவம் கொசுவமாகச் சுருக்கம்.

பதில்: தைக்கும்போது வந்த சுருக்கம் போலத் தெரிந்தாலும், அதன் காரணம் அதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது. மூன்று அடுக்கையும் தற்காலிகமாகச் சேர்க்கும்போது அடித்துணி தளர்வாக இருந்திருக்கிறது.

அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் விரியுங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் டேப் ஒட்டுங்கள், பிறகு அதற்கு எதிர்ப்பக்கத்தின் நடுவில், அதன்பின் மற்ற இரு பக்கங்களில். மூலைகள் கடைசியில். சுருக்கமில்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும். ஆனால் இழுத்து நீட்டக் கூடாது. நீட்டினால் டேப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்கு ஓடிப்போய் அதுவே சுருக்கமாகும். மேலே பஞ்சு விரிப்பு, அதன் மேல் அயர்ன் செய்த மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கித் தடவி விடுங்கள். வளைந்த சேஃப்டி பின்களை நடுவில் தொடங்கி, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, அதாவது 4 இன்ச் இடைவெளியில் குத்துங்கள். உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஒரு பின் தட்டுப்பட வேண்டும். பெரிய குவில்ட் என்றால் பஞ்சும் அடித்துணியும் சுற்றிலும் 4 இன்ச் கூடுதலாக இருக்கட்டும். தைக்கத் தைக்கப் பஞ்சு உள்வாங்கும்.

மெஷினின் பல், அடித்துணியை மட்டும்தான் நகர்த்துகிறது. மேல்துணியை ஃபுட் நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வாக்கிங் ஃபுட் மாட்டினால் மேலும் கீழும் சேர்ந்து நகரும். நேர்க்கோட்டுக் குவில்ட்டிங்குக்கு நாங்கள் தயங்காமல் வாங்கச் சொல்லும் ஒரே உதிரிப்பாகம் இதுதான். முதல் கோட்டை நடுவில் போட்டு, அங்கிருந்து ஒரு பாதியை முடித்துவிட்டு, திருப்பி மறுபாதிக்குப் போங்கள்.

இரண்டு தையல் கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பஞ்சு விரிப்பின் உறையிலேயே எழுதியிருக்கும். அதற்கு மேல் விட்டால் சில சலவைகளில் பஞ்சு உள்ளே நகர்ந்து கட்டியாகும்.

கேள்வி: அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. பாபினைச் சரிசெய்தும் பலனில்லை.

பதில்: பாபினைத் தொடாதீர்கள். அடியில் தொங்குவது மேல்நூல். ஃபுட்டைக் கீழே இறக்கி வைத்தபடி நூல் கோத்திருப்பீர்கள். அப்போது நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்குள் இறங்காமல் மேலேயே ஓடும். ஃபுட்டைத் தூக்கிவிட்டு முழுவதும் மறுபடி கோத்துப் பாருங்கள். வளைவுகளில் மட்டும் இமைமுடி போல நூல் தெரிந்தால் காரணம் வேறு: மெஷின் மெதுவாக ஓடும்போது கை வேகமாகத் துணியை இழுத்திருக்கிறது. வளைவில் கையை நிதானமாக்கி, மிதியைச் சீராக வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் தைக்கத் தெரிந்த பெண்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். சேர்ந்து ஒரு குவில்ட் தைக்க ஆசை. ஆனால் ஆளுக்கொரு கைப்பழக்கம், எல்லாரிடமும் மெஷினும் இல்லை. சரிவருமா?

பதில்: தாராளமாகச் சரிவரும். குவில்ட்டிங்கின் முழு இன்பமும் இப்படிச் சேர்ந்து உட்காரும்போதுதான் கிடைக்கிறது என்பது எங்கள் உறுதியான எண்ணம். முன்கூட்டியே சில விஷயங்களை முடிவு செய்துவிட்டால் பிற்பாடு மனத்தாங்கல் வராது.

முதல் முடிவு, குவில்ட் யாருக்கு. ஒருவருக்குப் பரிசா, பொது இடத்துக்கா, குலுக்கலில் ஒருவருக்கா என்பதை முதல் துண்டு வெட்டுவதற்கு முன்பே எல்லாரும் கேட்கச் சொல்லிவிட வேண்டும். இதைத் தள்ளிப்போட்ட குழுக்கள்தான் கடைசியில் முகம் சுளிக்கின்றன.

இரண்டாவது, அளவு. ஆளுக்கொரு பிளாக் (துண்டுகளை இணைத்துத் தைத்த சதுரம்), தைத்து முடித்த அளவு 12 இன்ச். நீங்கள் கையில் வாங்கும்போது ஓர விளிம்போடு பன்னிரண்டரை இருக்க வேண்டும். “12 இன்ச் பிளாக்” என்று மட்டும் சொன்னால் பாதிப் பேர் விளிம்பைச் சேர்த்தே பன்னிரண்டாகத் தைத்துக் கொண்டுவருவார்கள். ‘வெட்டிய ஓரத்திலிருந்து வெட்டிய ஓரம் வரை பன்னிரண்டரை’ என்று எழுதிக் கொடுங்கள். மேலே சொன்ன மூன்று பட்டைச் சோதனையை முதல் சந்திப்பிலேயே எல்லாரும் சேர்ந்து செய்து பாருங்கள். அரை மணி நேர வேலை, இருக்கும் மெஷின்கள் எல்லாம் ஒரே கணக்குக்கு வந்துவிடும்.

அளவு ஒன்றானால் எத்தனை ஆயிரம் கைகளும் சேரலாம் என்பதற்கு எய்ட்ஸ் நினைவுக் குவில்ட்டே சாட்சி. இறந்தவர்களுக்காக ஆளுக்கொரு துணிப்பலகை, ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி. எட்டுப் பலகை சேர்ந்தால் 12 அடிச் சதுரம். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதன்முதலில் விரித்தபோது 1,920 பலகைகள் இருந்தன. தைத்தவர்களில் பலர் தையல் பழகாதவர்கள்; துணியும் பாணியும் ஒவ்வொன்றும் ஒரு விதம்.

மூன்றாவது, பின்னணித் துணி. எல்லா பிளாக்கிலும் வரப்போகும் அந்த ஒரு துணியை ஒரே சுருளிலிருந்து ஒரே தடவையில் வாங்கி, துவைத்து, வெட்டிப் பன்னிரண்டு பைகளில் போட்டுக் கொடுங்கள். ‘வெள்ளைதானே’ என்று அவரவர் வாங்கினால் பன்னிரண்டு விதமான வெள்ளை வரும்.

நான்காவது, பிளாக்குகளுக்கு நடுவே 2 இன்ச் பட்டை வையுங்கள். நேருக்கு நேர் தைத்தால் ஒருவருடைய மூலை அடுத்தவருடைய மூலையோடு சேர வேண்டும். நடுவில் பட்டை வந்தால் அந்தக் கவலை இல்லை. மூன்றுக்கு நாலாக அடுக்கி, வெளிச்சுற்றிலும் பட்டை வைத்தால் குவில்ட் 44-க்கு 58 இன்ச் வரும். சோபாவில் போர்த்திக்கொள்ள அருமையான அளவு.

ஒரு பிளாக் பன்னிரண்டேகால்தான் வந்திருக்கிறதா? திருப்பிக் கொடுக்க வேண்டாம். எல்லா பிளாக்குகளையும் சுற்றி ஒன்றரை இன்ச் பட்டை தைத்து, மொத்தத்தையும் பதினாலு இன்ச்சுக்குச் சீவிவிடுங்கள். யாருடையது குறைந்தது என்பதே தெரியாது. நடுப்பட்டையோடு குவில்ட் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

மெஷின் இல்லாதவர்களுக்கு வேலை இல்லாமல் போகாது. வெட்டுவதற்கு ஒருவர், அயர்ன் பலகையில் ஒருவர், துண்டுகளை வரிசைப்படி எண் போட்டு அடுக்க ஒருவர், தையல் பிரிக்க ஒருவர் என்று இருந்தால் நாலு மெஷின் பன்னிரண்டு மெஷினின் வேலையைச் செய்யும். ரோட்டரி கட்டரை (உருளும் வட்ட பிளேடு வைத்த வெட்டி) எடுப்பவர் மட்டும் ஒரு பழக்கத்தை விடவே கூடாது: ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பிளேடை மூடிவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் திறந்த பிளேடின் மேல் கை வைத்துவிடுவது சட்டென்று நடக்கும்.

கேள்வி: கூட்டுக் குவில்ட்டில் ஒருவருடைய கைத்தையல் மட்டும் கோணல்மாணலாக இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் பிரித்துத் தைத்துவிடலாமா?

பதில்: கூடாது. தையல் பிடிப்பாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தால் வாய் பிளக்கிறது என்றால் அவரிடமே சொல்லி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து இன்னொரு வரிசை போட்டுத் தரலாம். பிடிப்பாக இருந்து அழகு மட்டும் குறைந்தால் அப்படியே இருக்கட்டும். அது அவருடைய கை. அந்தக் குவில்ட்டில் அதற்கு இடம் உண்டு. இரகசியமாகப் பிரித்தது என்றாவது வெளியே வரும், அதன்பின் அவர் ஊசி எடுக்கமாட்டார்.

கேள்வி: எனக்கு மெஷின் சத்தமே பிடிக்காது. நாலு பேரோடு பேசிக்கொண்டே கையால் தைக்க எது நல்லது?

பதில்: காகித அறுகோணம். பக்கம் 1 இன்ச் உள்ள அறுகோணங்களைக் கொஞ்சம் தடித்த காகிதத்தில் வெட்டி வையுங்கள். சுற்றிலும் கால் இன்ச் கூடுதலாகத் துணியை வெட்டி, காகிதத்தின் மேல் மடித்து மூலைகளில் இழையோட்டுங்கள். இரண்டு அறுகோணங்களை முகத்தோடு முகம் வைத்து, மடிப்பின் இரண்டு மூன்று இழைகளை மட்டும் கோத்து நெருக்கமாகச் சுற்றித் தையுங்கள். ஊசி காகிதத்தைத் தொடக் கூடாது. ஓர் அறுகோணத்தின் ஆறு பக்கமும் இணைந்த பிறகுதான் அதன் காகிதத்தை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் ஓரம் இழுத்துக்கொள்ளும். ஒரு சிறு டப்பாவில் எல்லாம் அடங்கும். பயணத்தில், காத்திருக்கும் இடத்தில், தோழி வீட்டு வராந்தாவில் எங்கும் தைக்கலாம்.

மூன்று அடுக்கையும் கையால் தைக்க ‘பிட்வீன்ஸ்’ என்ற குட்டை ஊசி வேண்டும். நம்பர் கூடக் கூட ஊசி சிறிதாகும். 8-இல் தொடங்கி, பழகியதும் 10-க்குப் போகலாம். நூலை முழங்கை நீளத்துக்கு, சுமார் 45 சென்டிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். துணிக்குள் திரும்பத் திரும்பப் போய்வருவதில் நூல் பிசிறி அறும். முடிச்சைச் சுண்டி இழுத்தால் மேல்துணியைத் தாண்டிப் பஞ்சுக்குள் போய் உட்காரும். இன்ச்சுக்கு ஆறு தையல் வந்தாலே நல்ல ஆரம்பம். எண்ணிக்கையைவிட ஒரே அளவாக வருவதுதான் அழகு.

பஞ்சு விரிப்பு வேண்டாம் என்றால் கர்நாடகத்தில் ‘சித்தி’ என்ற ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ என்ற குவில்ட்டைப் பாருங்கள். தனியாக மேல்துணி தைப்பதே கிடையாது. அடித்துணியின் மூலையில் தொடங்கி, பழைய துணித் துண்டுகளின் ஓரத்தை மடித்து வைத்து, ஓட்டுத்தையலால் சுற்றிச் சுற்றி நடுப்பகுதிக்கு வருகிறார்கள். துண்டை இணைப்பதும் அடுக்கைச் சேர்ப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடுகிறது.

கேள்வி: எல்லாவற்றையும் அளந்து வெட்டித்தான் ஆக வேண்டுமா? மனம்போலத் தைக்கக் கூடாதா?

பதில்: கூடும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்டில் கறுப்பினப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த வேலை உடுப்புகளிலிருந்து அப்படித்தான் தைத்தார்கள். அவை 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. 2006-இல் அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. கோணலான பட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் அயர்ன் செய்து, ஓரத்தை நேராகச் சீவிவிட்டு அடுத்த பட்டையை வையுங்கள். சீவாமல் போனால் நாலாவது பட்டையிலேயே நடுப்பகுதி குடை போல எழும்பும், எந்தக் குவில்ட்டிங்காலும் அதைப் படிய வைக்க முடியாது.

கேள்வி: பார்டர் வைத்ததும் ஓரம் அலை அலையாக நிற்கிறது.

பதில்: நீளப் பட்டையை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், முடிந்த இடத்தில் வெட்டியிருப்பீர்கள். கைபட்டுக் கைபட்டுக் குவில்ட்டின் ஓரம் நீண்டிருக்கும். பட்டையும் அந்த நீட்டத்தையே பிடித்துக்கொள்ளும். ஓரத்தை அளக்காமல், குவில்ட்டின் நடுவில் ஒன்றும் இரு புறமும் கால் பாகத்தில் ஒவ்வொன்றுமாக மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். அந்த நீளத்துக்குப் பட்டையை முதலில் வெட்டிவிட்டு, நடுவிலும் இரு முனையிலும் குண்டூசி குத்தி, மிச்சத்தைச் சமமாகப் பரப்பித் தையுங்கள்.

கேள்வி: ஓரப்பட்டியின் மூலை மட்டும் எனக்குக் குண்டாக வருகிறது. கூர்மையாக எப்படி மடிப்பது?

பதில்: இரண்டரை இன்ச் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து அயர்ன் செய்யுங்கள். வெட்டிய ஓரங்கள் குவில்ட்டின் ஓரத்தோடு ஒட்டி நிற்க, ஆரம்பத்தில் 10 இன்ச் தளர்வாக விட்டுத் தைக்கத் தொடங்குங்கள். மூலைக்குக் கால் இன்ச் இருக்கும்போதே நிறுத்தி, பின்தையல் போட்டு, நூலை வெட்டுங்கள். பெரும்பாலோர் மூலை வரை ஓட்டிவிடுகிறார்கள். அந்தக் கால் இன்ச் இல்லாமல் மடிப்பு திரும்பாது. பட்டையை மேல்நோக்கி 45 டிகிரியில் மடியுங்கள், பிறகு அப்படியே கீழே இறக்கி அடுத்த ஓரத்தோடு ஒட்ட வையுங்கள். மேல் மடிப்பு குவில்ட்டின் ஓரத்தோடு சமமாக நிற்க வேண்டும். அந்த விளிம்பிலிருந்தே தையலைத் தொடங்குங்கள். பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங் செய்யும்போது, மூலையின் மடிப்பை முன்பக்கம் மடிந்திருக்கும் திசைக்கு எதிராக மடித்தால் கனம் இரண்டு பக்கமும் பிரிந்து மூலை கூராக வரும்.

கேள்வி: விடைபெற்றுப் போகும் தோழிக்கு எல்லாருடைய கையெழுத்தும் உள்ள குவில்ட் தைக்கிறோம். எந்தப் பேனா?

பதில்: துணிக்கென வரும் நிறமி மைப் பேனா. சாதாரணப் பால்பாயிண்ட் சலவையில் பரவும். சூட்டில் மறையும் பேனாவில் எழுதினால், அயர்ன் பட்டதும் தோழியின் நினைவே அழிந்துபோகும்! வெளிர் பருத்தியைத் துவைத்து அயர்ன் செய்து, அடியில் மெல்லிய உப்புத்தாளை வைத்துக்கொண்டால் துணி நழுவாது. ஓரத்திலிருந்து அரை இன்ச் உள்ளே தள்ளி எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் காய்ந்த பின் பின்பக்கமாகச் சூடான அயர்ன் வையுங்கள். எப்போதும் ஆளுக்கு இரண்டு துண்டு வெட்டி வைப்பது நல்லது, எழுத்து தவறிவிடும்.

குறி போடும் நீலப் பேனாவைப் பற்றியும் ஒரு வார்த்தை: தண்ணீரில் போகும் அந்த மையின் மேல் அயர்ன் பட்டால் கறை நிலைத்துவிடும். முதலில் குளிர்ந்த நீரில் முழுவதும் அலசி எடுங்கள்.

கேள்வி: பரிசாக வந்த குவில்ட்டைத் துவைக்கவே பயமாக இருக்கிறது. அப்படியே பீரோவில் வைத்துவிடலாமா?

பதில்: தைத்தவர்கள் அதைப் போர்த்திக்கொள்ளத்தான் கொடுத்திருப்பார்கள், பயன்படுத்துங்கள். குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, மெஷின் என்றால் மிதமான சுழற்சி. நனைந்த குவில்ட் நல்ல கனம். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தையல் அறும், இரு கைகளிலும் அள்ளி எடுங்கள். கொடியில் தொங்கவிடாமல் பழைய துணி விரித்த தரையில் நிழலில் காய வையுங்கள். சாயம் ஓடியது தெரிந்தால் காய விடவே கூடாது. ஈரமாக இருக்கும்போதே நிறையத் தண்ணீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

எடுத்து வைப்பதானால் பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் தலையணை உறை போதும். சில மாதங்களுக்கு ஒரு முறை எடுத்து வேறு இடத்தில் மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியில் இழைகள் நைந்துபோகும். பின்பக்க மூலையில் தைத்தவர்களின் பெயரும் வருடமும் இல்லையென்றால், அவர்களைக் கேட்டு ஒரு சிறு துணித் துண்டில் எழுதித் தைத்துவிடுங்கள்.